கயலுக்கு, ஃப்யூஷனைப் பற்றி

அன்புள்ள கயல்,

போனில் நீ சொன்னது மனதிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய ஜாஸைக் கெடுத்தது, அதில் ராக்கையும் எலெக்ட்ரிக் வாத்தியங்களையும் கலந்த ஃப்யூஷன்தான், அதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் என்றாய். ஆளுயர மர டபுள் பாஸ் வாசிக்கிறவளுக்கு இந்தக் கோபம் வருவது நியாயம்தான். ஆனாலும் பழியை மைல்ஸ் தலையில் போட எனக்கு மனம் வரவில்லை.

அவர் தன் ஃப்யூஷன் ஆல்பமான 'பிட்சஸ் ப்ரூ'வைப் பதிவு செய்தது 1969 ஆகஸ்டில். ஜாஸ் அதற்கு முன்பே ஆள் இழக்க ஆரம்பித்துவிட்டது. 1964-இல் பீட்டில்ஸ் அமெரிக்காவில் வந்து இறங்கியபோதே இளைஞர் கூட்டம் ராக் பக்கம் போய்விட்டது. மறு வருடமே நியூயார்க்கில் பேர்ட்லேண்ட் ஜாஸ் கிளப்பை மூடினார்கள். 1967-இல் சாக்ஸஃபோன் மேதை ஜான் கோல்ட்ரேன் காலமானார். ஆள் குறைந்த வீட்டுக்குத்தான் எலெக்ட்ரிக் பியானோ வந்து சேர்ந்தது.

வந்தவர்களும் பழசை மறந்துவிடவில்லை. மைல்ஸ் குழுவில் எலெக்ட்ரிக் கீபோர்டு வாசித்த கீத் ஜாரெட், 1975 ஜனவரியில் கொலோன் நகரில் ஒரு சுமாரான பியானோவோடு தனியாக உட்கார்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வாசித்தார். அந்த இசைத்தட்டு லட்சக்கணக்கில் விற்றது. மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற ஃப்யூஷன் குழுவில் எலெக்ட்ரிக் கிடாரால் காதைப் பிளந்த ஜான் மெக்லாக்லின், அப்புறம் 'சக்தி' குழுவில் அகௌஸ்டிக் கிடாரோடு நம்ம விக்கு விநாயக்ராமின் கடத்துக்குப் பக்கத்தில் வந்து உட்காரவில்லையா?

ஒரு விஷயத்தில் மட்டும் நான் உன் கட்சி. சத்தம் கூடியதில் பாஸுக்கு நிஜமாகவே நஷ்டம். எழுபதுகளில் டிரம்ஸோடு போட்டி போட முடியாமல் பல பாஸ் கலைஞர்கள் அதிர்வை மின்சார சிக்னலாக்கும் பிக்கப்பை மாட்டி ஆம்ப்ளிஃபயரில் செருகினார்கள். அந்தக் காலத்து ரெக்கார்டுகள் பலவற்றில் பாஸ், ரப்பர் பேண்டைச் சுண்டுவது போலத்தான் கேட்கிறது. மரம் அதிரும் சத்தமே இல்லை.

அந்த அதிர்வு எப்படி இருக்கும் என்று தெரிய, 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் பியானோ கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழு வாசித்ததைக் கேள். கிளாஸ்கள் உரசுகின்றன, யாரோ பேசுகிறார்கள், அதற்கு நடுவிலும் பாஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோவின் விரல் கம்பியை விட்டு எழும்புவது தெளிவாகக் கேட்கிறது. அடுத்த இரண்டு வாரத்துக்குள் கார் விபத்தில் போய்விட்டார், வயது 25தான். அவர் இருந்திருந்தால் எலெக்ட்ரிக் பக்கம் போயிருப்பாரா என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

அன்று வாசித்ததில் 'குளோரியாஸ் ஸ்டெப்' அவரே எழுதியது. ஹெட்போன் வேண்டாம், ஸ்பீக்கரில் போட்டு உன் பாஸில் கூடவே வாசித்துப் பார். அப்புறம் கூப்பிடு, மிச்சச் சண்டையைப் போடலாம்.

அன்புடன்,
அப்பா