லெட்சுமிக்கு, வேள்பாரி படம் பற்றி

சுங்கை சிப்புட், மலேசியா
ஆகஸ்ட் 2025

அன்புள்ள லெட்சுமி,

உன் கடிதத்தில் கால் பங்கு முட்டிவலி, மீதியெல்லாம் சு. வெங்கடேசனின் வேள்பாரி நாவலைப் படமாக எடுக்கப்போகிற பேச்சு. முட்டிவலிக்கு என்னிடம் மருந்து இல்லை, டாக்டர் சொல்கிறபடி நட. வேள்பாரிக்கு வருகிறேன்.

படம் ஆரம்பித்துவிட்டதா, யார் நடிக்கிறார்கள் என்று நீ கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். படம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. பறம்பு மலையை ஆண்ட பாரி யார், அவனுடைய வீரன் நீலன் யார் என்று வாட்சப்பில் வருகிற எதையும் நம்பாதே. உறுதியாகத் தெரிந்தது கொஞ்சம்தான். உரிமை இயக்குநர் ஷங்கரிடம் இருக்கிறது. போன வருடம் செப்டம்பரில், நாவலில் உள்ள காட்சிகளைக் கேட்காமலே வேறு படங்களில் எடுத்துப் போடுகிறார்கள் என்று அவரே கோபப்பட்டு எழுதியிருந்தார். அப்புறம் போன மாதம் சென்னையில், புத்தகம் ஒரு லட்சம் பிரதி விற்றதற்கு விழா எடுத்தார்கள். ரஜினி வந்திருந்தார். அந்த மேடையில்தான் ஷங்கர், ஒரு காலத்தில் 'எந்திரன்' தன் கனவுப் படமாக இருந்தது, இப்போது வேள்பாரிதான் என்று சொன்னார். "கனவு என்றால் ஆள் இன்னும் தூங்குகிறார் என்று அர்த்தம்" என்கிறார் என் வீட்டுக்காரர். அவருக்கு எதிலும் கிண்டல்தான்.

பசியாறப் போகிற கடையில் தினமும் இதே பேச்சு. ரொட்டி போடுகிற தம்பி சூர்யாதான் பாரி என்று முடிவே கட்டிவிட்டான். என் நாத்தனார் மகனுக்கு விக்ரம் வேண்டும். நான் வாயைத் திறப்பதில்லை. எனக்குத் தெரிந்த பாரி ஓவியர் ம.செ. வரைந்த பாரிதான். ஆனந்த விகடனில் 2016 முதல் 2018 வரை வாரா வாரம் வந்தபோது, இதழ் கைக்கு வந்ததும் கதைக்கு முன்னால் படத்தைத்தானே பார்ப்போம்? கல்கியில் 1950-இல் பொன்னியின் செல்வன் தொடங்கியபோது வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் முகம் கொடுத்தவர் ஓவியர் மணியம். அவருடைய மகன்தான் ம.செ. என்கிற மணியம் செல்வன். சோழர்களுக்கு அப்பா முகம் கொடுத்தார், பறம்பு மக்களுக்கு மகன் கொடுத்தார். இந்த முகங்களை மீறி ஒரு நடிகர் நம் மனதில் உட்கார வேண்டும் என்றால் சாமானியப்பட்ட வேலை இல்லை. அதனால் புதுமுகங்களைப் போட்டால் நல்லது என்பது என் கட்சி. ஷங்கர் படத்தில் புதுமுகமா என்று நீ சிரிப்பாய், தெரியும்.

"தொடராக எடுத்தால்தான் இந்தக் கதை தாங்கும்" என்று எழுதியிருக்கிறாய். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், என் சின்ன மகள் பட்ட பாட்டைப் பார்க்கிற வரைக்கும். அவள் படிப்பதெல்லாம் இங்கிலீஷ் கதைகள். 'தி வீல் ஆஃப் டைம்' என்று 14 தடித் தடிப் புத்தகம். எழுதிய ராபர்ட் ஜோர்டன் முடிக்காமலே 2007-இல் இறந்துபோனார். அவர் விட்டுப்போன குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன் என்பவர் கடைசி மூன்று புத்தகங்களை எழுதி 2013-இல் முடித்து வைத்தார். அதை அமேசான் 2021-இல் தொடராக ஆரம்பித்தது. வருவதற்கு முன்னால் இவளும் இவள் கூட்டாளிகளும் பண்ணிய அமர்க்களம் இருக்கிறதே! எந்த ஊர் எப்படி இருக்கும், யார் என்ன நிறத்தில் உடுத்த வேண்டும் என்று ராத்திரியெல்லாம் போனில் சண்டை. முதல் சீசன் வந்ததும் "கெடுத்துட்டாங்கம்மா" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மூன்றாவது சீசனில் "இப்பதான் வழிக்கு வந்திருக்காங்க" என்றாள். அந்த மூன்றாவதோடு, இந்த மே மாதம், தொடரை நிறுத்திவிட்டார்கள். கதை பாதி வழியில் நிற்கிறது. கணக்குப் பிள்ளை கட்டுப்படியாகவில்லை என்று சொன்னால் அங்கே கதை அவ்வளவுதான். திரைப்படம் என்றால் நன்றாகவோ கெட்டுப்போயோ, ஏதோ ஒரு முடிவோடு நம் கைக்கு வரும். இதை யோசித்துப் பார்.

சுருக்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பொன்னியின் செல்வனையே எடுத்துக்கொள்ளலாம். எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து எத்தனையோ பேர் தொட்டுத் தொட்டு விட்டது. மணிரத்னம் 2022 செப்டம்பரில் முதல் பாகம், 2023 ஏப்ரலில் இரண்டாம் பாகம் என்று முடித்தார். நாம் ஈப்போவில் போய்ப் பார்த்துவிட்டு வரும்போது காரில் நீ பேசிய பேச்சை மறக்கவில்லை. மணிமேகலை எங்கே என்று கேட்டாய். கந்தமாறன் தங்கையே கதையில் இல்லாமல் போய்விட்டாள் என்று உனக்கு ஆத்திரம். எனக்கு அதைவிட சேந்தன் அமுதன் விஷயம்தான் ஆறவில்லை. பூக்கட்டிச் சாமிக்குச் சாத்துகிற பிள்ளைதான் உண்மையான மதுராந்தகன் என்று கல்கி ஐந்து பாகம் பொறுத்திருந்து அவிழ்த்த முடிச்சை, படத்தில் போடவே இல்லையே. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் மருமகள் அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் ஐந்து பாகத்தையும் வாங்கிப் படித்தாள். இப்போது என்னோடு நந்தினிக்காகச் சண்டை போடுகிறாள். அந்த வகையில் படத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

சரி, வேள்பாரியைச் சுருக்கினால் எது வெட்டுப்பட்டுப் போகும் என்று நினைக்கிறாய்? போர் போகாது. மூவேந்தரும் சேர்ந்து ஒரு மலையை வளைக்கிறார்கள் என்றால் அதற்கென்றே கம்ப்யூட்டர்க்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். தேர், யானை, அம்பு மழை எல்லாம் வரும், நன்றாகவே வரும். என் பயம் எல்லாம் ஆரம்பத்தில் கபிலரும் நீலனும் மலையேறுகிற அந்தப் பகுதிக்குத்தான். அத்தனை சங்கப் பாட்டும் தெரிந்த பெரும்புலவர், காட்டுக்குள் கால் வைத்ததும் ஒன்றும் தெரியாதவராகிறார். கூட வருகிற இளவட்டம் ஒவ்வொரு செடிக்கும் பூச்சிக்கும் கதை சொல்கிறான். கபிலருக்கு மூச்சு வாங்குகிறது, நமக்கும் வாங்குகிறது. அங்கே கதை ஓடவே இல்லை, நடக்கிறது. மூன்று மணி நேரப் படத்தில் இதற்கு எத்தனை நிமிடம் கொடுப்பார்கள்? ஒரு பாட்டில் முடித்துவிடுவார்களோ என்று எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

தேவாங்கு வரும், கவலைப்படாதே. எப்போதும் வடக்குப் பார்த்து உட்காருகிற பிராணி, அதை வைத்துக் கடலில் திசை பார்க்கலாம் என்று பாண்டியன் ஆசைப்படுகிறான், அங்கிருந்துதானே வினையே தொடங்குகிறது. அதை எடுத்துவிட்டால் கதையே இல்லை. நம் பக்கத்துக் காட்டிலும் அதன் இனம் உண்டு, மலாய்க்காரர்கள் கொங்காங் என்பார்கள். சின்ன வயதில் ரப்பர் காட்டில் ராத்திரி லைட் அடித்தால் இரண்டு கண் மட்டும் தெரியுமே, அதுதான். அது எந்தத் திசையைப் பார்த்தது என்று அப்போது யார் கவனித்தோம்!

எனக்குக் கட்டாயம் வேண்டியது கொற்றவைக் கூத்து. மூவேந்தர் அழித்த ஒவ்வொரு குடியின் கதையும் அங்கே ஒவ்வொரு ராத்திரி கூத்தாக வருகிறது. ஒரு காலத்தில் தனி மலை, தனிக் காடு, தனிப் பெயர் என்று இருந்தவர்கள், இப்போது பாரியிடம் அடைக்கலமாக இருக்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை தங்கள் இனம் எப்படி அழிந்தது என்று ஆடிக் காட்டுகிறார்கள். இந்தப் பகுதியைப் படித்தபோது எனக்கு நம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாதான் கண்ணுக்கு முன்னால் நின்றது. இந்த வருடமும் போயிருந்தேன். தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயம் இருந்த இடமெல்லாம் இப்போது செம்பனை, எண்ணெய் எடுக்கிற பனை. வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகிற ஆயாக்கொட்டகை இருந்த அடையாளமே இல்லை. கோயில் மட்டும் நடுவில் நிற்கிறது. கிள்ளானிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் கார் கார்களாக வருகிறார்கள். வந்ததும் என்ன செய்கிறார்கள்? "இங்கதான் எங்க வீடு, அங்க காலையில பேர் கூப்பிடுற பிரட்டுக் களம், இந்த மேட்டுலதான் வேலை வாங்குற மண்டோர் வீடு" என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். தீமிதி முடிந்ததும் அன்னதானம் சாப்பிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.

நீ இதற்குப் போன கடிதத்திலேயே பதில் எழுதிவிட்டாய். "நாமும் பறம்பு மக்கள்தான், நம் நிலமும் போனதுதான்" என்று. இதில்தான் நான் உன்னோடு ஒத்துப்போகவில்லை, லெட்சுமி. கொஞ்ச நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இங்கிருந்து லாசா ஊருக்குப் போகிற சாலையில் போனால் ஓரத்தில் இந்த மலைக்காட்டுப் பூர்வகுடிகளான தெமியார் மக்கள் வைத்து விற்பார்களே, பெத்தாய் என்கிற காட்டு அவரை, காட்டுத்தேன், கிழங்கு. போன வாரம் தேன் வாங்க வண்டியை நிறுத்தினேன். ஒரு கிழவர், அவர் பேத்தி. அவர்கள் முன்னால் இருந்ததைப் பார்த்ததும் புறநானூறு 109-ஆம் பாட்டு ஞாபகம் வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த பாட்டு. பறம்பை முற்றுகை போட்டவர்களைப் பார்த்துக் கபிலர் சொல்கிறார்: இந்த மலையில் உழாமலே நான்கு விளைகிறது, மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். நீங்கள் வளைத்து நின்றாலும் இவர்கள் பட்டினி கிடக்க மாட்டார்கள் என்று. அந்தக் கிழவர் முன்னால் தேனும் கிழங்கும் இருந்தன. அப்போதுதான் உறைத்தது, இந்த ஊரில் மலைமேல் இருக்கிறவர்கள் அவர்கள். அப்படியானால் நாம் யார்?

நம் தாத்தாக்களைக் கப்பலில் கொண்டுவந்தது காட்டை அழித்து ரப்பர் பால்மரம் நடத்தான். வெள்ளைக்காரன் சொன்னான், கங்காணி கூட்டி வந்தான், நம்மாள் வெட்டினான். சீனக் குத்தகைக்காரர்களும் வெட்டினார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மூவேந்தர் படையில் வாளும் கோடரியும் தூக்கி வந்தவனும் கூலிக்கு வந்தவன்தானே? அவனுக்கும் ஊரில் பஞ்சம், வீட்டில் பிள்ளை இருந்திருக்கும். பிறகு அதே தோட்டத்தை விற்றுத் துண்டு போட்டபோது நம்மையும் வெளியே அனுப்பினார்கள். நாம் வெட்டியதும் உண்மை, வெட்டுப்பட்டதும் உண்மை. வேள்பாரி படிக்கும்போது எல்லாரும் பாரி பக்கம் நின்றுகொள்கிறோம். அது சுலபம். சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்து படிக்கிறவளுக்கு அவ்வளவு சுலபமாக இருக்கக் கூடாது என்று தோன்றுகிறது.

இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னால், "பாவம், உன் தாத்தா. செத்து எத்தனை வருஷம் ஆச்சு, அவரைப் போய் பாண்டியன் படையில சேக்கிறியே" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தாத்தாவுக்கு அந்தக் காட்டில் யார் இருந்தார்கள் என்றே தெரிந்திருக்காது. ஆனால் என் பாட்டி பிறந்தது சிங்கம்புணரிப் பக்கம். அங்கே இருக்கிற பிரான்மலையைத்தான் பாரியின் பறம்பு என்கிறார்கள். பறம்பு அடிவாரத்தில் பிறந்தவள் இங்கே வந்து இன்னொருவர் மலையடிவாரத்தில் பால் வெட்டிச் செத்தாள். இதையெல்லாம் எந்த ஷங்கரும் எடுக்கப் போவதில்லை, எடுக்கவும் வேண்டாம். நாம் இருவரும் பேசிக்கொண்டால் போதும்.

படத்தின் முடிவைப் பற்றியும் கேட்டிருந்தாய். சங்கப் பாட்டில் பாரி இறந்துபோகிறான், அங்கவையும் சங்கவையும் நிலாவைப் பார்த்துப் பாடுகிறார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெண்களைக் கூட்டிக்கொண்டு கபிலர் அரசன் அரசனாக அலைகிறார். சு. வெங்கடேசன் நாவலை எப்படி முடித்தார் என்பது நமக்குத் தெரியும். உன் மருமகன் இன்னும் இரண்டாம் பாகம் முடிக்கவில்லை என்றாயே, அவர் இந்தக் கடிதத்தை எடுத்துப் படித்தாலும் படிப்பார். அதனால் இங்கே எழுதவில்லை, நேரில் பேசலாம்.

இனி ஊர்ச் செய்தி. பசாரில் பழைய துணிக்கடை மூடிவிட்டார்கள், அந்த இடத்தில் போன் கடை. நம் கூட்டாளி ராஜம்மா அக்காவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி நன்றாகத் தெரிகிறது. தெரிந்ததும் முதல் வேலையாக வேள்பாரி முதல் பாகத்தை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். எழுத்து சின்னதாக இருக்கிறது என்று திட்டு வேறு. டுரியான் இந்த முறை நிறைய விழுந்தது, விலையும் குறைந்தது. உனக்கு எடுத்து வைக்க முடியவில்லை, உள்ளதெல்லாம் பேரப்பிள்ளைகள் தீர்த்துவிட்டார்கள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் வருகிறேன் என்றாய். பஸ்ஸில் வராதே, முட்டி தாங்காது. ஈப்போ வரைக்கும் ரயிலில் வா, மகன் வந்து கூட்டிக்கொள்வான். வரும்போது என்னிடம் வாங்கிப் போன இரண்டாம் பாகத்தை மறக்காமல் கொண்டு வா, ராஜம்மா அக்கா வரிசையில் நிற்கிறார். படம் என்றைக்கு வந்தாலும் முதல் நாளே நாம் மூன்று பேரும் போகிறோம். ஆனால் இப்போதே சொல்லிவிடுகிறேன், படம் முடிகிற வரைக்கும் "புத்தகத்துல இப்படி இல்லையே" என்று தியேட்டரில் சத்தமாகச் சொல்லக் கூடாது. மெதுவாக என் காதில் சொல்.

அன்புடன்,
பத்மா