தூணின் தலைக்கும் அடிக்கும் யார் பாலிஷ் போடுவது? கணக்கு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

பழைய வீடுகளில் மரத்துக்குப் பாலிஷ் போடும் வேலையைக் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்பவன் நான். கதவு, நிலை, தூண் எல்லாமே சதுர அடிக் கணக்குதான். அளவெடுத்து எஸ்டிமேட் எழுத என்னிடம் வரும் பிள்ளைகள் உங்களிடம் படித்தவர்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். கதவை அளப்பதில் ஒரு குறை சொல்ல முடியாது. தூணுக்கு வந்ததும்தான் தடுமாறுகிறார்கள்.

சூத்திரம் தெரியாமல் இல்லை. கேட்ட மாத்திரத்தில் ஒப்பிக்கிறார்கள்: வளைபரப்பு, இரண்டு பை ஆர் ஹெச். மொத்தப் புறப்பரப்பு என்றால் அதோடு மேல் வட்டம், கீழ் வட்டம் இரண்டையும் கூட்ட வேண்டும். சரி தம்பி, இந்தத் தூணுக்கு எதைப் போடுவாய் என்றால் முழிக்கிறார்கள். எதற்கு வம்பு என்று மொத்தப் புறப்பரப்பையே போட்டும் விடுகிறார்கள். வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றி, நிற்கும் பர்மாத் தேக்குத் தூணின் அடி கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது. தலை, உத்திரத்தைத் தாங்கும் போதிகைக் கட்டைக்கு அடியில் மறைந்திருக்கிறது. அந்த இரண்டு வட்டத்துக்கும் யார் போய் பாலிஷ் போடுவது?

சின்ன விஷயம் என்று தோன்றலாம். 3 அடி சுற்றளவு, 10 அடி உயரம் உள்ள தூணை எடுத்துக்கொள்ளுங்கள். வளைபரப்பு 30 சதுர அடி. வட்டத்தின் பரப்புக்கு நம் பழைய கணக்கில் சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கச் சொல்வார்கள். அப்படிப் பெருக்கினால் ஒரு வட்டம் முக்கால் சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டும் சேர்ந்து சுமார் 1.43 சதுர அடி. இதே போல 24 தூண் இருந்தால் 34 சதுர அடிக்கு மேல் போகிறது. இல்லாத 25-வது தூணுக்கும் சேர்த்துப் பில் போட்ட கதைதான்.

எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். பில் வாட்ஸ்அப்பில் போய் எல்லாரும் பார்ப்பார்கள். வட்டிக்கணக்கிலேயே வளர்ந்த வம்சம். 34 சதுர அடி எங்கிருந்து வந்தது என்று யாராவது ஒருவர் கேட்காமல் விடமாட்டார்.

இன்னொரு தடுமாற்றம் ஆரம் எடுப்பதில். நிற்கிற தூணில் ஆரத்தை எங்கே போய் அளப்பது? நடுப்புள்ளி மரத்துக்குள்ளே இருக்கிறது. பிள்ளைகள் ஸ்கேலைப் பக்கவாட்டில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, விட்டம் பதினொன்றரை அங்குலம் இருக்கும் என்கிறார்கள். அதைப் பாதியாக்கி, 22/7-ஆல் பெருக்கி, அங்குலத்தை அடியாக்கி முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் பிசகும். பாதியாக்க மறந்தால் பரப்பு இரட்டிப்பாகிவிடும். எங்கள் பழைய மேஸ்திரிகள் டேப்பைத் தூணைச் சுற்றிப் பிடிப்பார்கள். சுற்றளவு இன்ட்டு உயரம். முடிந்தது. இரண்டு பை ஆர் என்பதே அந்தச் சுற்றளவுதான் என்று சொன்னால் பத்தாவது முடித்த பையன் என்னை ஆச்சரியமாகப் பார்க்கிறான். எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. தாளைத் தூணில் சுற்றி, ஒட்டிய இடத்தில் நேராக வெட்டி விரித்தால் செவ்வகம் வரும் என்பதை அவன் கையால் செய்து பார்த்ததே இல்லை. கடைசியில் நான்தான் செய்தித்தாளை எடுத்துச் சுற்றிக் காட்டினேன்.

எங்கள் தூண்களில் பல மேலே போகப் போகச் சிறுக்கும். சுற்றளவு அடியில் 3 அடி 2 அங்குலம், தலையில் 2 அடி 10 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். இது உங்கள் அளவியல் பாடத்தில் வரும் கூம்பின் இடைக்கண்டம், அதாவது நுனியை வெட்டிய கூம்பு. அதற்குச் சாயுயரம், அதாவது சாய்ந்த பக்கத்தின் நீளம், வேண்டும் என்பீர்கள். 10 அடித் தூணில் சாயுயரத்துக்கும் நேர் உயரத்துக்கும் உள்ள வித்தியாசம் நூல் அளவுகூட இல்லை. இரண்டு சுற்றளவுக்கும் சராசரி 3 அடி. உயரத்தால் பெருக்கினால் அதே 30. நடுவில் கொஞ்சம் பருத்த தூணாக இருந்தால் அங்கேயும் ஒரு சுற்று அளந்துகொள்வோம்.

சூத்திரத்தைத் தூக்கிப் போடுங்கள் என்று சொல்ல வரவில்லை. பரீட்சைக்கு அது வேண்டும். ஆனால் அதை எழுத விடுவதற்கு முன்னால், எந்தெந்த முகத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று பிள்ளைகளைச் சொல்லவையுங்கள். கிணற்றின் உள்சுவருக்குப் பூச்சு என்றால் உள்பக்க வளைபரப்பு மட்டும். பக்கம் நேராக, அடி தட்டையாக இருக்கும் பித்தளை அண்டாவுக்கு ஈயம் பூசுவதென்றால் உள்வளைவும் அடிவட்டமும். வாய்க்கு ஒன்றும் கிடையாது. மூடி போட்ட டின்னைச் சுற்றிலும் பெயின்ட் அடித்தால் மட்டும்தான் மூன்றும் வரும். கேள்வித்தாளில் 'மொத்தப் புறப்பரப்பு காண்க' என்று விடையின் பாதியை நீங்களே எடுத்துக் கொடுத்துவிடுகிறீர்கள். மாதத் தேர்விலாவது ஒரு கேள்வியை, பொருளையும் வேலையையும் மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திப் பாருங்களேன்.

தூணுக்கு எங்கேயும் அலைய வேண்டாம். பள்ளி வராந்தாவில் உருண்டைத் தூண் இருந்தால் ஒரு நூல்கண்டு போதும். இல்லையென்றால் எங்கள் வேலை நடக்கும் வீட்டுக்குக் கூட்டி வாருங்கள். வீட்டுக்காரர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன். டேப் நாங்கள் தருகிறோம். அடிச் சுற்றளவைப் பிள்ளைகள் எடுக்கட்டும். ஏணியில் மட்டும் எங்கள் ஆட்கள்தான் ஏறுவார்கள். தலைச் சுற்றளவை அவர்கள் மேலிருந்து சொல்லிவிடுவார்கள்.

இப்படிக்கு,
பாலிஷ் வேலைக்காரன் ஒருவன்