பியென்சாவிலிருந்து

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த சேதி படித்து எங்கள் இருவருக்கும் அவ்வளவு சந்தோஷம். மருமகளும் குழந்தையும் சௌக்கியம்தானே? இங்கே மகள் வீட்டில் எல்லோரும் நலம். மருமகன் லீவு கிடைத்தால் காரில் இத்தாலியின் தஸ்கனி பகுதி ஊர்களுக்குக் கூட்டிப்போகிறார். அப்படிப் பார்த்ததில் பியென்சாவைப் பற்றி உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

சியனா நகரத்துக்குத் தெற்கே, ஓர்ச்சா பள்ளத்தாக்கைப் பார்த்தபடி மேட்டில் இருக்கிற சின்ன ஊர். முன்பு கோர்சிஞானோ என்று பெயர். சியனாவில் செல்வாக்கிழந்து நொடித்துப்போன பிக்கோலொமினி குடும்பத்தில் 1405-ல் இங்கே பிறந்த ஏனியா சில்வியோ, கவிஞராகப் பேர் வாங்கி, 1458-ல் போப் இரண்டாம் பயஸ் ஆனார். மறு வருஷம் வட இத்தாலியில் இருக்கிற மாந்துவா நகரத்துக்குப் போகிற வழியில் பிறந்த ஊருக்கு வந்தார். சின்ன வயதில் கூட இருந்தவர்களில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மிச்சமிருந்தவர்கள் மூப்பிலும் நோயிலும் வீட்டோடு கிடந்தார்கள் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். நம் வயதில் அதைப் படிக்கும்போது மனசு என்னவோ செய்கிறது.

அந்தப் பயணத்தில்தான் ஊரையே புதிதாக எழுப்பத் தீர்மானித்தார். ஃபுளோரன்ஸின் கட்டடக் கலைஞர் பெர்னார்தோ ரொஸ்ஸெல்லினோவிடம் வேலையை ஒப்படைத்தார். தேவாலயம், எதிரும் புதிருமாக மாளிகைகள், நடுவில் சதுக்கம். சதுக்கத்தின் இரண்டு பக்கமும் இணையாகப் போகாமல் தேவாலயத்தை நோக்கி விரிகின்றன. அதனால் சின்ன இடம் பெரிதாகத் தெரிகிறது. தேவாலயத்தின் இருபுறச் சந்து வழியாகவும் பள்ளத்தாக்கு கண்ணில் படுகிறது. எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது அதுதான். போப்பின் மாளிகைக்குப் பின்னால் மூன்றடுக்குத் தாழ்வாரம், அதன் கீழே தோட்டம். அங்கே நின்றால் அமியாத்தா மலைவரை தெரியும்.

1462-ல் தேவாலயம் புனிதப்படுத்தப்பட்டது. ஊருக்கும் போப்பின் பெயரையொட்டி பியென்சா என்று பெயர் வந்தது. ஆனால் செலவு 50,000 டுகாட்டை (அந்தக் காலத் தங்கக் காசு) தாண்டிவிட்டது. சொன்ன எஸ்டிமேட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்! அஸ்திவாரம் சரியில்லை, பணத்தைக் கரைத்துவிட்டான் என்று பலரும் கோள் சொன்னார்கள். போப் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு ரொஸ்ஸெல்லினோவைக் கூப்பிட்டனுப்பினார். நடுங்கிக்கொண்டு வந்து நின்றவரிடம், நீ உண்மைச் செலவைச் சொல்லியிருந்தால் நான் ஒத்துக்கொண்டிருக்கவே மாட்டேன், இந்த அழகும் வந்திருக்காது, பொய் சொன்னதே நல்லது என்றாராம். முழுக் கூலியோடு 100 டுகாட்டும் ஒரு சிவப்பு அங்கியும் கொடுத்தார். அந்த மனுஷர் ஆனந்தத்தில் அழுதுவிட்டார். கட்டடம் கட்டிக்கொடுத்துப் பில் போடும்போது நீ கேட்ட பேச்செல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது.

தேவாலயத்தின் சுவரில் யாரும் சித்திரம் தீட்டக்கூடாது, நிறத்தை மாற்றக்கூடாது, மீறினால் சாபம் என்று போப் ஆணையே போட்டார். இன்றும் உள்ளே வெளிர் நிறச் சுவர்களும் பெரிய ஜன்னல்களும் வெளிச்சமுமாக இருக்கிறது. 1464-ல் போப், ரொஸ்ஸெல்லினோ இரண்டு பேருமே இறந்துபோனார்கள், மற்ற வேலை அதோடு நின்றுவிட்டது.

கோள் சொன்னவர்கள் அஸ்திவாரத்தைப் பற்றிச் சொன்னதில் மட்டும் உண்மை இருந்தது. தேவாலயத்தின் பின்பகுதி சரிவின் மேல் நிற்கிறது. அங்கே போனால் தரை இறங்கியிருப்பது காலுக்கே தெரிகிறது, சுவரில் விரிசல்களும் உண்டு. அந்தச் சரிவில் நீயாக இருந்தால் எப்படி அஸ்திவாரம் போட்டிருப்பாய்? விவரமாக எழுது. குழந்தையின் போட்டோவும் அனுப்பு.

அன்புடன்,
ராமநாதன்