உறைவிந்தில் சேர்க்கும் புரதம்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

நலம், உன் வீட்டிலும் அனைவரும் நலம் என நம்புகிறேன். உன் கடிதங்களுக்குப் பதில் எழுதாததற்கு எந்தத் தண்டனை வேண்டுமானாலும் கொடு, ஆனால் கண்ணாடி ஐயாவின் வாய்மொழித் தேர்வில் மட்டும் என்னை மறுபடி உட்கார வைக்காதே.

என்னை உறைவிந்துப் பிரிவுக்கு, அதாவது காளை விந்தை உறையவைத்துச் சேமிக்கும் பிரிவுக்கு, மாற்றிவிட்டார்கள். நீ சிரிப்பாய் என்று தெரியும், சிரித்துக்கொள். கிளிசரால் விந்தணுவைக் குளிரிலிருந்து காக்கும் என்று போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் ஆகிய பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் மூவரும் 1949இல் வெளியிட்டார்கள். இத்தனை ஆண்டுகள் கழித்தும் முட்டை மஞ்சள் கருவையும் கிளிசராலையும் கலந்துதான் −196 பாகை செல்சியஸ் திரவ நைட்ரஜனுக்குள் இறக்கிக்கொண்டிருக்கிறோம். அப்படியும் ஏறத்தாழப் பாதி விந்தணுக்கள் செத்துப்போகின்றன. பிழைத்தவற்றிலும் பல, பசுவின் கருப்பைக்குள் போய் அடைய வேண்டிய பக்குவத்தைக் குளிரிலேயே அரைகுறையாக அடைந்துவிடுவதால், அவற்றின் ஆயுள் குறுகிவிடுகிறது.

இந்த இழப்பைக் குறைக்க இங்கே எல்லோரும் “எந்தப் புரதத்தைச் சேர்க்கலாம்?” என்று கேட்கிறார்கள். எனக்கோ, ஏற்கெனவே விந்தில் இருக்கும் புரதம் என்ன செய்கிறது என்பதே பெரிய கேள்வியாகத் தோன்றுகிறது. காளையின் விந்துப் பிளாஸ்மாவில் (விந்தணுக்கள் மிதக்கும் திரவத்தில்) மிகுந்திருக்கும் ஒரு புரதக் குடும்பம் விந்தணுச் சவ்வில் ஒட்டிக்கொண்டு அங்கிருந்து கொலஸ்டிரால், பாஸ்போலிப்பிடு என்னும் கொழுப்புகளை உருவி எடுக்கிறது. கருவுறுதலுக்கு அது தேவையான வேலைதான். சேமிப்பின்போது நீடித்தால் சவ்வு நலிந்து குளிரைத் தாங்காமல் போய்விடும். மஞ்சள் கருவிலுள்ள குறையடர்வு லிப்போபுரதம் (கொழுப்பும் புரதமும் சேர்ந்த துகள்) அந்தப் புரதங்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கொழுப்பு நீக்கிய பாலில் கேசீன் என்னும் பால் புரதம் அதே வேலையைச் செய்கிறது. நாம் உணவு என்று நினைத்துக் கலந்தது உண்மையில் காவல் வேலை பார்த்திருக்கிறது! வெள்ளாட்டுக் கடாவிலோ கதை தலைகீழ்: அதன் சுரப்பி ஒன்றிலிருந்து வரும் நொதி மஞ்சள் கருவிலுள்ள லெசித்தின் என்ற கொழுப்பைச் சிதைத்து விந்தணுவுக்கே நஞ்சாக்கிவிடுகிறது.

ஆகவே, எல்லா இனத்துக்கும் ஒரே பொடி என்று யாராவது உன்னிடம் விற்க வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பு. துருவக் கடல் மீன்களின் உறைதடுப்புப் புரதம் எனக்கு மிகவும் பிடித்தது. அது பனிப்படிகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு, சிறு படிகங்கள் சேர்ந்து பெரிதாவதைத் தடுக்கிறது. ஆனால் அளவு கூடினால் பனி ஊசி ஊசியாக வளர்ந்து, காக்க வந்ததே செல்லைக் குத்திக் கிழிக்கலாம். விந்தணுவுக்குள் செல்திரவம் மிகக் குறைவு என்பதால் அதன் சொந்த ஆக்சிஜனேற்றத் தடுப்பு நொதிகளும் குறைவு. அதனால் சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ் போன்றவற்றைச் சேர்த்துப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. இரத்தத்திலுள்ள சீரம் ஆல்புமின் என்ற புரதமும் உதவக்கூடியதே, ஆனால் விலங்கிலிருந்து எடுக்கும் எதனோடும் நோய்க்கிருமி வரலாம் என்ற கவலை எனக்குத் தீரவில்லை.

என்னை உறங்கவிடாத கவலை வேறு. நுண்ணோக்கியில் அசைவு சற்று கூடியதும் இங்கே இனிப்பு வழங்காத குறைதான். நீந்துவது வேறு, சினை பிடிக்க வைப்பது வேறு. அதைச் சொல்ல வேண்டியது பசுக்கள், அவை உன்னிடம் இருக்கின்றன.

அதனால் ஓர் உதவி வேண்டும். ஒரே காளையின் ஒரே சேகரிப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் மட்டும் புரதம் சேர்த்து, எது எது என்று நீ அறியாதபடி குறியிட்ட குச்சிகளை (உறைவிந்து அடைத்த மெல்லிய குழாய்களை) அனுப்ப எண்ணியிருக்கிறேன். சினை ஊசி போட்ட (செயற்கைக் கருவூட்டல் செய்த) ஒவ்வொரு மாட்டுக்கும் குச்சியின் குறி, பருவ அறிகுறி தெரிந்த நேரம், சினைப் பரிசோதனை முடிவு ஆகியவற்றைத் தவறாமல் குறித்து வை. அதோடு, குச்சியைச் சட்டைப் பையில் வைத்து உருக்கும் உன் பழைய கலையை விட்டுவிடு. மெதுவாகச் சூடேறினால் பனி மறுபடி படிகமாகும், புரதம் சேர்த்த பயனும் அங்கேயே போய்விடும். 37 பாகை வெதுவெதுப்பான நீரில் 30 நொடி, வெப்பமானியை வைத்துப் பார்த்துச் செய். சம்மதம் என்றால் எழுது, முதல் கட்டுக் குச்சிகளை அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்