குப்பியில் மாதத்தையும் எழுதுங்கள்

தோட்டங்களில் பழ ஈ பிடித்து ஆய்வு செய்யும் நண்பர்களுக்கும், அந்தக் கட்டுரைகளை வெளியிடும் ஆய்விதழ் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

போன வாரம் பழைய மாதிரிகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு சின்னக் குப்பி கைக்கு வந்தது. ஆல்கஹாலில் முப்பது நாற்பது ஈக்கள், கண்ணின் சிவப்பெல்லாம் வெளிறிப்போய்க் கிடந்தன. சீட்டில் பென்சிலால் ஊர்ப் பெயரும் ஆண்டும் மட்டும். எந்த மாதம்? எழுதவில்லை. வசந்தத்தில் பிடித்தவையா, இலையுதிர் காலத்தில் பிடித்தவையா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நாம் பிடிக்கும் பழ ஈ இனமான டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர் முட்டையிலிருந்து ஈயாக 25 டிகிரி செல்சியஸில் சுமார் 10 நாள் போதும். குளிர் அதிகமுள்ள பகுதிகளில் வசந்தத்தில் தேடித் தேடித்தான் பிடிக்க வேண்டும். கோடை முடியும்போது, பழம் விழுந்து புளிக்கும் அதே மரத்தடியில் மொய்த்துத் தள்ளும். அப்புறம் உறைபனி வந்து பெரும்பகுதியை வாரிக்கொண்டு போய்விடும். இந்த ஏற்ற இறக்கம் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கூடவே ஈக்களின் பரம்பரைச் சரக்கும் மாறுகிறது என்பதைத்தான் சீட்டு எழுதும்போது மறந்துவிடுகிறோம். வசந்த ஈக்கள் குளிர்காலத்தைத் தாண்டி வந்தவற்றின் வாரிசுகள். கஷ்டத்தைத் தாங்கும் குணம் அவற்றிடம் அதிகம். உணவு நிறைந்த மாதங்களில் வேகமாகப் பெருகுபவை முந்திக்கொள்கின்றன.

1940களிலேயே மரபியல் ஆய்வாளர் டாப்ஜான்ஸ்கி கலிபோர்னியா மலைகளில் இதைப் பார்த்துவிட்டார். டிரோசோஃபிலா சூடோஅப்ஸ்குரா என்ற உறவுக்கார இனத்தில், குரோமோசோமின் ஒரு வகை அமைப்பு மார்ச்சிலிருந்து ஜூன் வரை குறைந்து, கோடையில் மறுபடி ஏறியது. மாதாமாதம் பிடித்துக் குறித்துவைத்ததால் கிடைத்த கண்டுபிடிப்பு அது. 2014இல் பென்சில்வேனியாவின் ஒரு பழத்தோட்டத்து மெலனோகாஸ்டர் ஈக்களில், மரபணுத் தொகுதியின் நூற்றுக்கணக்கான இடங்கள் பருவத்தோடு ஏறி இறங்குவதாகத் தெரிந்தது. 2022இல் வெளியான ஆய்வில், ஒரே மூதாதையரிலிருந்து தொடங்கி வெளியில் வைத்த 10 கூண்டுகளின் ஈக்களும் சில மாதங்களுக்குள் பெரும்பாலும் ஒரே திசையில் மாறின. தற்செயல் என்றால் பத்தும் இப்படிச் சேர்ந்து நகருமா?

ஆகவே, ஒரே ஒரு நாளில் பிடித்த ஈக்களை வைத்து ‘இந்த ஊர் ஈக்கள் இப்படி’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள். ஆண்டுக்கு இரண்டு முறையாவது, முடிந்தால் மாதாமாதம் அதே இடத்தில் பிடியுங்கள். ஈஸ்ட் தூவிய வாழைப்பழக் கூழை எத்தனை மணி நேரம் வைத்தீர்கள், வெப்பம் எவ்வளவு, எத்தனை ஈ விழுந்தது, எல்லாம் வேண்டும். ஒன்றுகூட விழாத நாளையும் பூஜ்யம் என்று குறியுங்கள். குளிர்காலத்தின் கணக்கு அந்தப் பூஜ்யங்களில்தான் இருக்கிறது.

ஆசிரியர்களே, பிடித்த தேதி இல்லாத கட்டுரை வந்தால் திருப்பி அனுப்பிக் கேளுங்கள். எழுதியவருக்கு அது நினைவில் இருக்கும்போதே கேளுங்கள்.

அன்புடன்,
ஒரு பழ ஈ ஆய்வாளர்