கோளாறு எது, இசை எது என்று சொன்னவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

மறந்துபோயிருந்த அந்த சைக்கடெலிக் ராக் எல்பியின் மறுவெளியீடு, முன்பதிவு செய்தவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. உறையின் பின்பக்கத்தில் உதவியவர்களின் பெயர்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. அவர்கள் என்ன செய்தார்கள், அது ஏன் எளிதல்ல என்பதை எழுத அங்கே வழியில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

சைக்கடெலிக் இசையை மீட்டெடுப்பதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1960களின் பிற்பகுதியில் இந்த இசைக்காரர்கள் ஒலியை வேண்டுமென்றே குலைத்தார்கள். ஒலியைக் கரகரக்கச் செய்யும் ஃபஸ் பெடலில் கிட்டாரைக் கிழித்தார்கள், டேப்பைப் பின்னோக்கி ஓட்டினார்கள், வேகத்தைக் கூட்டிக் குறைத்தார்கள், ஒரே ஒலியை இரண்டு டேப் மெஷின்களில் ஓட்டி ஒன்றை இம்மி பிசகவிட்டு, ஃபிளாஞ்சிங் என்னும் சுழலும் ஒலியை உண்டாக்கினார்கள். அரை நூற்றாண்டு அலமாரியில் கிடந்து பழுதான டேப்பும் கிட்டத்தட்ட அப்படியேதான் ஒலிக்கும். எதைச் சரிசெய்வது என்பதைவிட எதைத் தொடவே கூடாது என்பதுதான் இங்கே பெரிய கேள்வி. அதற்குப் பதில் சொன்னவர்களுக்கே இந்தத் தட்டு கடன்பட்டிருக்கிறது.

முதலில், கால் அங்குல ஸ்டீரியோ மாஸ்டர் டேப்பை வைத்திருந்த குடும்பத்தாருக்கு. அதை வீட்டு மெஷினில் போட்டுக் கேட்கும் ஆசையை நீங்கள் அடக்கிக்கொண்டது பேருதவி. பழைய டேப்பில் பாட்டுகளை இணைக்கும் ஒட்டுகள் பசை காய்ந்து விட்டுப்போயிருக்கும், அல்லது பசை கசிந்து அடுத்த சுற்றைப் பிடித்திருக்கும். வேகமாகச் சுற்றினால் காந்தப் பூச்சே உரிந்து வந்துவிடும். டேப் கடைசிப் பாட்டு வெளியே இருக்கும்படி சுற்றப்பட்டிருந்ததும் நல்லதாயிற்று. அடுத்தடுத்த சுற்றுகளில் ஒலி பதிந்துவிடும் கோளாறு அப்போது பாட்டுக்கு முன்னால் பேய்க்குரலாக வராமல், பின்னால் எதிரொலியாக விழுந்து இசைக்குள் மறைந்துவிடும்.

டேப்பை இலக்கமாக்கிய பொறியாளருக்கு எங்கள் நன்றி பெரிது. வேலை தொடங்கும் முன்பே, டேப்பை அடுப்பில் வைத்துச் சூடாக்குங்கள் என்று பலர் அக்கறையோடு சொன்னார்கள். 1970களின் நடுவிலிருந்து வந்த பல பாலியெஸ்டர் டேப்புகளில் பூச்சைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். அவற்றைச் சுமார் 54 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் உலர்த்துவது சரியான வைத்தியம். ஆனால் எங்கள் டேப் அதற்கு முந்தியது. அவர் ரீலை விளக்குக்கு எதிரே பிடித்தார். சுருளின் ஊடாக வெளிச்சம் தெரிந்தது. அப்படியென்றால் அது பாலியெஸ்டர் அல்ல, அசிடேட் என்னும் பழைய வகை பிளாஸ்டிக். அசிடேட்டைச் சூடாக்கினால் நொறுங்கும், நெளியும். அந்த ஒரு சோதனை ஒரு ஆல்பத்தைக் காப்பாற்றியது.

அடுத்தது அசிமுத், அதாவது டேப்பைப் படிக்கும் ஹெட்டின் நுண்ணிய இடைவெளி டேப்புக்குச் செங்குத்தாக நிற்கும் கோணம். பாட்டுகள் வெவ்வேறு மெஷின்களில் பதிவானவை என்பதால் ஒவ்வொரு ஒட்டுக்குப் பிறகும் கோணம் மாறியது. மெஷினைச் சரிபார்க்க டேப்பின் தொடக்கத்தில் பதியும் அளவுத் தொனிகள் இல்லாததால், இரு சேனல்களையும் ஒன்றாக்கி, சிம்பல் ஒலி எங்கே மிகத் தெளிவாகிறதோ அங்கே ஹெட்டை நிறுத்தினார். பாட்டுக்குப் பாட்டு இதையே செய்தார்.

இதில் ஒரு இடம் எல்லோரையும் குழப்பியது. இரண்டாம் பக்கத்தில் ஒலி சுழன்று சுழன்று குடையும். அது ஃபிளாஞ்சிங்கா, விளிம்பு நெளிந்த டேப், ஹெட்டின் மேல் ஆடுவதா? பொறியாளர் சொன்ன வழி மிக எளிது. இதே வேலையில் இருப்பவர்களுக்கும் பயன்படும். சேனல்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். டேப் ஆடுவதால் வரும் குடைச்சல் இரண்டையும் சேர்த்தால்தான் தோன்றும். தனியாகக் கேட்டால் மேல் ஒலி சற்று மங்கலாம், சுழற்சி இராது. ஃபிளாஞ்சிங் ஒரு சேனலுக்குள்ளேயே கேட்கும். இங்கே இடது சேனலில் மட்டும் தெளிவாகக் கேட்டது. இசைக்காரர்கள் வைத்ததுதான். தொடவில்லை.

பதியும்போது மேல் ஒலியையும் அடி ஒலியையும் எவ்வளவு கூட்டிக் குறைப்பது என்ற சமன்பாட்டு வளைவு நாட்டுக்கு நாடு மாறும். இந்த டேப்புக்கு உரியது எது என்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார். நொடிக்கு 38 சென்டிமீட்டர் வேகத்தில் ஐஇசி எனும் ஐரோப்பிய முறையில் பதிந்த டேப்பை என்ஏபி எனும் அமெரிக்க முறையில் ஓட்டினால், மேல் ஒலி ஏறத்தாழ 3 டெசிபெல் கூடும், அடி ஒலி மெலியும். கேட்பவருக்கு "பளிச்சென்று இருக்கிறதே" என்றுகூடத் தோன்றும். பெட்டிமேல் எதுவும் எழுதப்படாதபோது காதும் அனுபவமும்தான் துணை.

டேப்பை ஓட்டும் வேகத்தைத் தீர்மானிக்க உதவிய ஆர்கன் கலைஞருக்குத் தனி வணக்கம். அமைதியான இடங்களில் மின்சார இரைச்சல் இரண்டு அலைவெண்களில் தெரிந்தது. கலவை மேசையின் இரைச்சல் ஒன்று. வேகம் மாற்றிப் பதிந்த கிட்டாரோடு சேர்ந்து இடம்பெயர்ந்த இரைச்சல் மற்றொன்று. முதலாவது மின்வழங்கலின் அலைவெண்ணுக்குப் பொருந்தும்படி டேப்பை ஓட்டினால் அதுவே சரியான வேகம்; அதைத்தான் நம்ப வேண்டும். பழைய ஹாமண்ட் டோன்வீல் ஆர்கனின் சுருதி மின்வழங்கலின் அலைவெண்ணோடு பூட்டப்பட்டிருப்பதால், அதையும் ஒப்பிடுங்கள் என்று நீங்கள் சொன்னபின் ஐயம் தீர்ந்தது.

டேப்பில் ஒரு பாட்டு இல்லை. தங்கள் தட்டுகளை நம்பி அனுப்பிய சேகரிப்பாளர்களே, நீங்கள் இல்லாவிட்டால் அந்தப் பாட்டே இல்லை. ஒரே அச்சில் வந்த பல பிரதிகள் இருந்ததால் ஒப்பிட முடிந்தது. ஒரு பிரதியில் மட்டும் வரும் 'டிக்' கீறல். எல்லாப் பிரதிகளிலும் ஒரே இடத்தில் வந்தால் தட்டை அழுத்தும் அச்சான ஸ்டாம்பரிலோ அதற்கு முன்போ உள்ள குறை. தேய்ந்த பள்ளத்துக்கு வேறு வடிவ ஊசி போட்டால், பழைய ஊசி தொடாத உயரத்தில் அது ஓடி நல்ல ஒலி தரும். 1.8 நொடிக்கு ஒருமுறை சுருதி அலைந்தால் நடுத்துளை மையம் விலகியிருக்கிறது என்று பொருள். 33⅓ வேகத்தில் ஒரு சுற்றுக்கு அவ்வளவு நேரம்.

கிளிக் நீக்கியவர் தானியங்கிக் கருவியை முழுப் பாட்டின் மேல் ஓட்ட மறுத்தார். ஃபஸ் கிட்டாரின் அலை சதுரமாக வெட்டுண்டிருக்கும். அதன் கூரிய விளிம்புகளைக் கருவி கிளிக் என்று எண்ணித் தின்றுவிடும். கிட்டார் பஞ்சு அடைத்ததுபோல் ஆகும். அவர் நீக்கியவற்றை மட்டும் தனியே ஓட்டிக் கேட்பார். அதில் துளி இசை கேட்டாலும் பின்வாங்குவார். பின்னோக்கி ஓடும் கிட்டார் சட்டென நிற்கும் இடங்களைக் கையால்தான் காத்தார்.

தட்டுக்கான முதல் பள்ளத்தைத் தாங்கும் லாக்கரை வெட்டியவருக்கு: வெளி விளிம்பில் நொடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் ஓடும் பள்ளம், உள்ளே முடியும் இடத்தில் 21 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது; அங்கே கூரிய ஒலி எளிதில் சிதையும். மிகக் கடூரமான ஃபஸ் பாட்டு சரியாக அங்கேதான் இருக்கிறது. வரிசையை மாற்றலாமே என்று நாங்கள் கேட்டோம். நீங்கள் மாற்றாமல், அந்தப் பக்கம் முழுவதன் ஒலியளவைச் சற்று இறக்கினீர்கள். 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் இரு சேனல்களையும் ஒன்றாக்கினீர்கள். இல்லையென்றால் ஒரு சேனலில் மட்டும் வைக்கப்பட்ட பேஸ் ஒலி, ஊசியைப் பள்ளத்திலிருந்து தூக்கியிருக்கும். உங்கள் முடிவே சரி.

முதல் மாதிரித் தட்டில் இரண்டாம் பக்கம் ஒரு சேனலில் கிழிசல் சத்தம் வந்தது. பிவிசி பள்ளத்தின் ஓரம்வரை பாயவில்லை. அச்சின் சூட்டையும் அழுத்தும் நேரத்தையும் கூட்டிச் சரிசெய்த இயந்திரப் பணியாளருக்கும், அதனால் வந்த தாமதத்தைப் பொறுத்துக்கொண்ட முன்பதிவாளர்களுக்கும் நன்றி.

உறையை மீட்டவர் அச்சான உறையிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. அச்சுப் புள்ளிகளின் மேல் மறுபடி புள்ளி விழுந்தால் அலையலையாகக் கோடு தோன்றும் என்பதால் 1200 டிபிஐயில் வருடி, பழைய புள்ளிகளைக் கரைத்தார். ஒளிரும் ஆரஞ்சு நான்கு வண்ண அச்சில் வராது; அதற்குத் தனி மை போட்ட அச்சகத்தாருக்கும் நன்றி.

ஒலிப்பதிவுக்கு ஒரு உரிமை, பாட்டின் வரிக்கும் மெட்டுக்கும் வேறு உரிமை, ஓவியத்துக்கு இன்னொன்று. மூன்றுக்கும் பொறுமையாகக் கையெழுத்திட்ட இசைக்கலைஞர்களுக்கும் வாரிசுகளுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

தட்டு வாங்கியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டாம் பக்கத்தில் இடது சேனல் சுழல்வதும், கடைசிப் பாட்டு நடுவே அறுந்து நிற்பதும் அசலிலேயே உள்ளவை. 1.8 நொடிக்கு ஒருமுறை ஒரே இடத்தில் 'டிக்' கேட்டால் முதலில் தட்டைக் கழுவிப் பாருங்கள். அப்படியும் கேட்டால் எங்களுக்கு எழுதுங்கள், மாற்றித் தருகிறோம்.

நன்றியுடன்,
மறுவெளியீட்டுக் குழுவினர்