வேலியோரத்துக் குழற்பூ

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள மகளுக்கு,

நுவரெலியாவில் நீங்கள் குடிபுகுந்த வீட்டின் படங்களை அம்மாவும் நானும் பார்த்தோம். வேலியோரம் கவிழ்ந்து தொங்கும் அந்த நீண்ட வெள்ளைப் பூக்கள் புரூக்மான்சியா. தென்னமெரிக்காவிலிருந்து வந்து மலைநாட்டுக் குளிரில் நிலைத்துவிட்ட செடி. ஊமத்தைக்கு நெருங்கிய உறவு. ஊமத்தம்பூ நிமிர்ந்து நிற்கும், காயில் முள் இருக்கும். இதன் காயில் முள் இராது. நஞ்சு இரண்டிலும் ஒன்றுதான். கோயிலில் சிவனுக்கு ஊமத்தம்பூ சாத்துவதைப் பார்த்து வளர்ந்த உனக்கு இந்தப் பூவிடம் அச்சம் தோன்றாது என்பதே என் கவலை.

வேர் முதல் விதை வரை அத்திரோபின், ஸ்கோபோலமீன் என்னும் நஞ்சுகள் இதில் உண்டு. உமிழ்நீரையும் வியர்வையையும் சுரக்கச் செய்யும் நரம்புத் தூண்டலை அவை தடுப்பதால், வாய் வறண்டு, தோல் சிவந்து, உடல் கொதித்து, நெஞ்சு படபடத்து, கண்மணி விரிந்து, இதைத் தின்ற பிள்ளை, அங்கே இல்லாதவற்றைக் கண்டதாகப் பிதற்றத் தொடங்கும். சாறு பட்ட விரலால் கண்ணைக் கசக்கினாலே பார்வை மங்கிவிடும்.

மருந்தாளராக வாழ்ந்த எனக்கு அத்திரோபின் மேல் பெருமதிப்பு உண்டு. சிலவகைப் பூச்சிமருந்து உடலில் ஏறியவர்களை நம் மருத்துவமனைகளில் மீட்பது அந்த ஊசிதான். ஆனால் அங்கே மருத்துவர் நாடியையும் மூச்சையும் பார்த்துப் பார்த்து அளவைக் கூட்டுகிறார். இலையில் உள்ள அளவோ செடிக்குச் செடி மாறும்.

பேத்தி கைக்கு எட்டியதையெல்லாம் வாயில் வைக்கும் வயதில் இருக்கிறாள். ஆகவே வீட்டுக்காரரிடம் சொல்லி, கையுறை அணிந்த ஒருவரைக் கொண்டு அதை வேரோடு அகற்றிவிடு. வெட்டியதை எரிக்க வேண்டாம். ஊமத்தை இலையைப் புகைத்து ஈளைக்கு மருந்தாக்கிய காலம் ஒன்று இருந்தது, அந்தப் புகையிலும் நஞ்சு ஏறும். புரூக்மான்சியா தன் தாயகத்தில் காட்டுநிலையில் அழிந்துவிட்ட இனம் என்பதால் அதை வெட்டச் சொல்ல எனக்கும் மனம் வருந்துகிறது. பேத்தி வளர்ந்தபின் வேண்டுமானால் மீண்டும் நடலாம்.

அதுவரை அவள் ஒரு இதழைக் கடித்ததாகச் சந்தேகம் வந்தாலும், வாந்தியெடுக்க வைக்காமல், அறிகுறிக்காகக் காத்திராமல், 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சை வரச்சொல். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்தச் செடியின் ஒரு கிளையையும் பையில் போட்டு எடுத்துச் செல்.

அன்புடன்,
அப்பா